சித்தியின் கனடாப் படம்

கமராவுக்கு முன்னால் போய் நின்றதும் எங்கள் சனத்துக்கு இரண்டு கை கூடுதலாக முளைத்துவிடும் என்று மாமா சொல்லுவார். அதுவரை ஒழுங்காக இருந்த கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கும், சேலைத் தலைப்பைத் திருகும், பக்கத்தில் நிற்பவரின் தோளில் பட்டும் படாமலும் கிடக்கும். "கைக்கு ஒரு வேலை குடுத்திடோணும் பிள்ளை. ஒரு பூவோ, ஒரு தேத்தண்ணிக் கோப்பையோ. கை வேலையா இருந்தா முகம் தன்ர பாட்டில இருக்கும்."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டன் அப்டன் பார்க்கில் இருந்தபோது எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர். கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். சனி, ஞாயிறில் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று பள்ளிக்கூட மண்டபங்களில் படம் எடுப்பார். அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, எந்த நாளும் திருப்பி அனுப்பிவிடலாம். அப்பாவுக்கு அவர்மேல் நல்ல விருப்பம். "தங்கமான பெடியன்" என்பார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "கேஸ்தான்..." என்று இழுப்பார். அந்த இழுவைக்குள் என்ன இருந்தது என்று யோசிக்கிற வயதா எனக்கு? எட்டு.

எங்கள் முன்னறையில் ஒரு பெரிய யன்னல் இருந்தது. அம்மா அதற்கு வெள்ளை வலைத்திரை போட்டிருந்தார். அதற்குள்ளால் வருகிற லண்டன் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. அது வந்து விழாது. விருந்தாளி மாதிரி மெல்ல வந்து அமரும். சோபாவின் கைப்பிடியில், தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில், என் முழங்காலில் எல்லாம் ஆறின பாலாடை போலப் படிந்திருக்கும். நான் கம்பளத்தில் படுத்துக்கிடந்து அதையே பார்ப்பேன். நேரம் போவது தெரியாது. மாமா பக்கத்தில் இருந்து மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்தபடி கதைப்பார். "எல்லாரும் மப்பு மப்பு எண்டு வானத்தைத் திட்டுகினம். படம் எடுக்கிறவனுக்கு உதைவிட என்ன வேணும்?"

அப்படிப் படுத்துக்கிடந்தே அவருடைய வித்தை முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. உச்சி வெயிலில் முகத்தை எடுக்காதே, கண்ணுக்குக் கீழே குழி விழும். ஆளை யன்னலைப் பார்த்து இருத்து, யன்னலுக்கு முதுகு காட்ட விடாதே. தலைக்குப் பின்னால் மரம், கம்பம் ஏதும் முளைத்திருக்கிறதா என்று பார். கண்ணைத் தெளிவாக்கு, கண் தெளிந்தால் மற்றப் பிழையை எல்லாம் சனம் மன்னிக்கும். அழுத்தும்போது மூச்சைப் பிடி. எல்லாவற்றிலும் பெரிய வித்தை கடைசியில் இருந்தது. "எங்கட ஆக்களைச் சிரிக்கச் சொன்னா மூச்சை அடக்கிக்கொண்டு நிப்பினம். அதால 'முடிஞ்சுது' எண்டு சொல்லிப்போட்டு, அவை மூச்சு விடேக்க ஒண்டு எடு. அதுதான் படம்."

அந்த வருடம் சித்தி எங்களோடு இருந்தார். அம்மாவின் தங்கச்சி. ஊரிலிருந்து வந்து, பகலில் கிறீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடையில் வேலை, பின்னேரம் ஆங்கில வகுப்பு. கனடாவில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர். தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, பெண்ணின் வடிவான படம் ஒன்றை அனுப்புங்கோ என்றார்கள். அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. படக்காரன் மேல்மாடியிலேயே இருக்கிறான், வேறு எங்கே போவது?

மாமா படம் எடுத்தார். சித்தியை யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தி எடுத்தார்.

"மாமா, யன்னல் பின்னுக்கு" என்றேன்.

"ஓம் பிள்ளை. இது ஒரு புது விதம்."

அந்தக் காலத்தில் பிலிம் சுருளைக் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். படம் பிழைத்திருந்தால் கழுவுகிற இடத்தில் அதன்மேல் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டி, பிழை என்னவென்று எழுதி அனுப்புவார்கள். மாமாவின் உறையில் அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. சித்தியின் படங்களில் ஒன்றுவிடாமல் இருந்தது. முகம் இருந்த இடத்தில் சேலை கட்டிய ஒரு நிழல்.

அடுத்த முறை, அதிசயமாக வெயில் எறித்த ஒரு மத்தியானம் பார்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். உடுப்புக் காயப்போடும் கம்பம் சித்தியின் உச்சந்தலையிலிருந்து முளைத்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. போதாததற்குப் படம் ஆடியும் இருந்தது. அப்பா ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஊர் உலகத்துக் கலியாணம் எல்லாம் எடுக்கிறாய் தம்பி. எங்கட வீட்டில மட்டும் கை நடுங்குதோ?"

"கமராவில ஏதோ கோளாறு அண்ணை" என்றார் மாமா, கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு. சித்தி தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. என்னுடைய குரு இப்படிச் சறுக்குவதா?

கனடாவிலிருந்து மறுபடி தொலைபேசி வந்தது. "இந்த ஞாயிறு படம் எடுத்தாகோணும்" என்று சொல்லிவிட்டு அப்பா கடைச் சாமான் வாங்கப் போனார். வெளியே நல்ல மப்பு. வலைத்திரைக்குள்ளால் வெளிச்சம் வந்து அறை முழுவதும் நிறைந்திருந்தது. மாமா கதிரையை மறுபடியும் பிழையான பக்கம் திருப்பினார். என்னால் பொறுக்க முடியவில்லை. யன்னல், கை, பின்னால் தெரியும் அலுமாரி என்று அவருடைய பாடத்தை அவருக்கே ஒப்புவித்தேன்.

சித்தி சிரித்துவிட்டார். "அப்ப நீயே எடன், பெரிய படக்காரி."

மாமா கமராவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதன் வாரை என் கழுத்தில் மாட்டினார். "அதுவும் நல்லதுதான். பிள்ளைக்குக் கை நடுங்காது."

கமரா கனத்தது. கதிரையை யன்னல் பக்கம் திருப்பி, சித்தியை இருத்தி, கைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை கொடுத்தேன். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, மூடுபனியிலிருந்து வருகிற ஆள் மாதிரி சித்தி கிட்ட வந்தார். முதலில் கண், பிறகு மூக்குத்தி. சில படங்கள் அழுத்தினேன். எல்லாவற்றிலும் பாஸ்போட் முகம்.

"முடிஞ்சுது சித்தி" என்றேன்.

சித்தி மூச்சு விட்டார். கோப்பை மடியில் இறங்கியது. கண்கள் மெல்ல உயர்ந்து, என் தலைக்கு மேலால் போய், எங்கேயோ நின்றன. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைச் சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. நித்திரையில் நல்ல கனவு காண்கிறவருக்கு வருமே, அது. நான் மூச்சைப் பிடித்து அழுத்தினேன். தெருவில் ஒரு பஸ் போனது. யன்னல் கண்ணாடி மெதுவாக அதிர்ந்து அடங்கியது.

அந்தப் படத்தில் ஸ்டிக்கர் இல்லை. அப்பா அதைக் கையில் எடுத்து, "இதுதான் படம்" என்று சொல்லி, கனடாவுக்கு உறை தேடினார். அம்மா கையைத் துடைத்துவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இதை அனுப்பேலாது."

"ஏன்? வடிவாத்தானே இருக்கு."

"அதுதான் சொல்லுறன். இதைப் பாத்தா அந்தக் கனடாப் பெடியன், தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாள் எண்டு நினைச்சுப்போடுவான். பாவம்."

அப்பா விசர்க்கதை என்றார். பிறகு படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ எடுக்கேக்க மாமா எங்க நிண்டவர்?" என்று கேட்டார்.

"எனக்குப் பின்னால."

அப்பா கதிரையில் அமர்ந்தார். "கேஸ்தான்..." என்று தொடங்கினார்.

"கேஸ் எண்டைக்கோ ஒரு நாள் முடியும்தானே" என்றார் அம்மா.

மாமாவை எப்போதும் கீழே நின்றே கூப்பிடுகிற அப்பா, அன்றைக்கு மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். அன்று பின்னேரமே கனடாவுக்குத் தொலைபேசியில் சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் சாதகம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான்: என் படம் கனடாவுக்குப் போகவில்லை. வெளிச்சம் சரி, கை சரி, கண் தெளிவு. அப்படியானால் பிழை எங்கே? படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். சித்தி கமராவைப் பார்க்கவில்லை. நேரே மேல்மாடிக்குப் போனேன். மாமா கட்டிலில், சும்மா, யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் ஏன் எனக்குப் பின்னால நிண்டனீங்கள்? உங்களாலதான் என்ர படம் பழுதாப்போச்சு."

மாமா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, திட்டியதற்காக அழுகிறாராக்கும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"ஓம் பிள்ளை" என்றார். "பிழை என்ரதுதான்."

அவ்வளவு பெரிய ஆள் ஒத்துக்கொண்ட பிறகு கோபித்துக்கொண்டிருப்பது முறையில்லை. அடுத்த தரம் நான் சித்தியைப் படம் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டும் என்று சொல்லி, அவரை மன்னித்துவிட்டு இறங்கி வந்தேன்.