கடைசி வரிசைக்கு எஃப் எட்டு

கள்ளிக்குப்பத்தில் ஸ்டுடியோ திறந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் ஆயுத பூஜை குரூப் போட்டோ. மூன்று வரிசை ஆட்கள். புது லென்ஸ் வாங்கிய மிதப்பில் துவாரத்தை முழுக்கத் திறந்து எஃப் 1.8 வைத்து, நடு நாற்காலியில் இருந்த மானேஜர் கண்ணில் ஃபோகஸ் செய்து அடித்தேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாரும் பளிச்சென்றுதான் தெரிந்தார்கள். பெரிதாகப் பிரிண்ட் போட்டதும் என் வண்டவாளம் வெளியே வந்தது. மானேஜரின் மீசை முடியை எண்ணலாம். எஃப் 1.8இல் ஃபோகஸ் வைத்த தூரம் மட்டும்தான் துல்லியம்; கடைசி வரிசை மொத்தமும் புகை.

அந்த வரிசையில் நின்றிருந்த லேத் ஆபரேட்டர் கன்னியப்பன் அண்ணன் பிரேமை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, ஆவி மாதிரி கீறேன்? வருசா வருசம் இதே கதைதான். நெட்டையா கீறேன்னு பின்னால தள்ளிடறானுங்க. வர்ற போட்டோகிராபர் எல்லாம் மானேஜரத்தான் பாக்குறான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போன வருஷம் பூஜையன்று அண்ணன் கேட்டிலேயே என்னை மறித்தார்.

"இந்த மாசத்தோட ரிட்டயர்டு. ஒரு போட்டோலயாவது என் மூஞ்சி தெரியணும். இங்கதான் வேலை செஞ்சேன்னு பேரப் புள்ளைக்குக் காட்ட வேற ஒண்ணும் இல்ல."

இந்த முறை கேமராவை ஸ்டாண்டில் வைத்தேன். முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக விழ, துவாரத்தைச் சுருக்கி எஃப் எட்டு, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400. வரிசைகளை நெருக்கி நிறுத்தி, நடு வரிசையில் ஃபோகஸ். அடித்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் நெற்றிச் சந்தனம் வரை துல்லியம்.

அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மறுபடி எஃப் 1.8க்குத் திருப்பி, ஷட்டர் வேகத்தை ஏற்றி, அண்ணன் கண்ணில் ஃபோகஸ் வைத்து இன்னொன்று அடித்தேன்.

"அதான் எடுத்தாச்சே, இன்னொண்ணு எதுக்கும்மா?" என்றார் மானேஜர்.

"ஒரு சேஃப்டிக்கு சார்."

எஃப் எட்டு படம் ஆபீஸ் சுவருக்குப் போனது. அண்ணனுக்கு இரண்டையும் கொடுத்து, எது எந்த செட்டிங் என்றும் சொன்னேன். அவர் ஹாலில் மாட்டியது இரண்டாவதை.

பிறகு தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போன மானேஜர், படத்தில் தன்னைத் தேடியிருக்கிறார். கைக்குட்டையை எடுத்து பிரேம் கண்ணாடியை வேறு துடைத்தாராம்.

"தொடச்சா போவாது சார். அடுத்த தபா எஃப் எட்டு வெக்கச் சொல்லுங்க" என்றாராம் அண்ணன். போனில் இதைச் சொல்லும்போதே சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

புதிதாகக் கேமரா தூக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைசி வரிசையைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை ஒருவரையும் கலைய விடாதீர்கள்.

இந்த வருஷமும் அதே பட்டறைக்குப் போனேன். நடு நாற்காலி காலியாக இருந்தது. மானேஜர் என் பக்கத்தில் வந்து கேமராவை எட்டிப் பார்த்தார்.

"எஃப் எட்டு வெச்சிட்டியாம்மா?"

வைத்துவிட்டேன் என்ற பிறகுதான் போய் உட்கார்ந்தார்.