தேங்காய் எண்ணெய் பூசிய ஜெர்மன் தலைக்கவசம்

2006 ஏப்ரல், சனிக்கிழமை, காலை 7.30. ஹனோவர் ரயில் நிலையத்தில் மூன்று பேர் வண்டி ஏறினோம். கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் தொழில் பழகி இங்கே வேலைக்கு வந்த நான், எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துத் தவராசா அண்ணை, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் எழுபத்தெட்டு வயது ஃபிராவ் (திருமதி) கெஸ்லர். அம்மையாரின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் முதல் உலகப்போர்க் காலத்துத் தோல் தலைக்கவசம், உச்சியில் கூர்முனையோடு.

போகுமிடம் ஹாலே, ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஐந்து பேர் வரை போகக்கூடிய வார இறுதிச் சீட்டு 30 யூரோ. அங்கே அம்மையாரின் அண்ணன் ஹெர் (திரு) பிரவுன் இருக்கிறார். கவசம் எங்கள் அப்பாவுடையது என்கிறார் தங்கை. யாரோ சந்தையில் வாங்கிப்போட்டது என்கிறார் அண்ணன். இந்தச் சண்டையில் இருவருக்கும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பாவின் படைச் சம்பளப் புத்தகம் அண்ணனிடம் இருக்கிறது. அதிலுள்ள படைப்பிரிவு எண் கவசத்திலும் இருந்தால் ஒப்புக்கொள்வதாகக் கடிதம் போட்டிருந்தார்.

பழைய கவசங்களில் முத்திரை தேடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஆகவே நடுவர் நான். ஆனால் அண்ணன் கண்ணெதிரே பார்த்தால்தான் நம்புவார் என்று அம்மையார் அதுவரை என்னைத் தொடவே விடவில்லை.

மக்டெபர்க்கில் வண்டி மாறும்போது தவராசா அண்ணை என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, ஒரு பிழை விட்டிட்டன். நிலவறையில இருந்து நான்தானே எடுத்துக் குடுத்தனான். தோல் காய்ஞ்சு கிடந்தது. மனிசி சந்தோசப்படட்டும் எண்டு தேங்காய் எண்ணெய் பூசித் துடைச்சுப் போட்டன்."

"அண்ணே! முத்திரை எல்லாம் இங்க்ல குத்தினது அண்ணே!"

"இனி ஒண்டும் செய்ய ஏலாதோ?"

 ஹாலே வண்டி வந்துவிட்டது, ஏறினோம்.

11.45. டிராமில் நான்கு நிறுத்தம். ஹெர் பிரவுன் கை குலுக்கினார், தங்கைக்கு மட்டும் தலையசைத்தார். சம்பளப் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, "முதலில் நீங்கள் படியுங்கள்" என்றார்.

கவசத்தின் உட்புற உச்சியில் தயாரிப்பாளரின் நீள்வட்ட முத்திரை மங்கலாகத் தெரிந்தது, ஊர் எர்ஃபுர்ட். "போலி இல்லை" என்றேன்.

"இருக்கட்டும். எங்கள் அப்பாவுடையதா?"

படைப்பிரிவின் முத்திரை வழக்கமாகப் பிடரிப் பக்க மடிப்பின் அடியில் இருக்கும். அங்கே பளபளவென்று எண்ணெய்தான் இருந்தது. ஃபவுண்டரியில் வார்ப்பின் மேல் தேய்ந்த எழுத்தைப் படிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைப்போம்; பள்ளத்தில் நிழல் விழும். அதையும் செய்து பார்த்தேன். மைக்கு ஏது பள்ளம்? ஒன்றும் தெரியவில்லை. அம்மையார் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். தவராசா அண்ணை என் முகத்தையே பார்த்தார்.

அப்போதுதான் நெற்றியைச் சுற்றி வரும் வியர்வைப் பட்டை கண்ணில் பட்டது. எண்ணெய் பூசுகிறவர் அதைத் தூக்கியா பூசியிருப்பார்? விரலால் மெல்ல விலக்கினேன். அடியில் தோல் உலர்ந்து கிடந்தது. அதன்மேல் கறுப்பு மை, முத்திரை குத்தியவன் நேற்றுத்தான் எழுந்து போனதுபோல.

"ஆண்டு 1914. ரெஜிமென்ட் 93. ஏழாவது கம்பெனி" என்று உரக்கப் படித்தேன்.

ஹெர் பிரவுன் புத்தகத்தைத் திருப்பினார். கண்ணாடியை மாட்டினார். விரலை வைத்து வரி வரியாக இறங்கி நின்றார். "தொண்ணூற்று மூன்று" என்றார். பிறகு விரலை நகர்த்தி, "ஏழாவது."

"ஓம்! ஓம்! அதேதான்!" என்று தவராசா அண்ணை நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். நானும் கத்திவிட்டேன். எந்த ஃபவுண்டரியிலும் எனக்கு இப்படியொரு பெருமை கிடைத்ததில்லை.

ஹெர் பிரவுன் எழுந்து கவசத்தை இரு கைகளாலும் வாங்கி, சுவரிலிருந்த அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தார். பிறகு தங்கையின் கோட்டைக் கழற்றி மாட்டினார். இன்று போக வேண்டாம், மாடியறை காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் உடன்பிறந்தவர்கள் கோபித்துக்கொண்டால் சேர்த்துவைக்கத் தாய்மாமன், ஊர்ப்பெரியவர் என்று ஒரு பட்டாளமே வரும். இங்கே அந்த வேலையை ஒரு ரப்பர் முத்திரை செய்தது. மாலை 4.40 வண்டியில் தவராசா அண்ணையும் நானும் மட்டும் ஹனோவர் திரும்பினோம்.