மூச்சு வாங்கும் இடம்

இடதுகையை வெந்நீர்க் கிண்ணத்தில் ஊறவிட்டபடிதான் எலிசேவ் மோல்தோ காலையில் யாரோடும் பேசுவார். அன்று வந்தவர் பாத்திஸ்தா, பெனிசோர் நகராட்சியில் திருவிழாப் பொறுப்பில் இருப்பவர். பியானோவருகே இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த ஐதானாவுக்கு அந்தப் பேச்சு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

மூர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த பழைய போரை ஊரே வேடமிட்டு நடித்துக்காட்டும் மூர்–கிறிஸ்தவர் திருவிழாவின் முதல் நாள் ஊர் வாத்தியக் குழு ‘மேட்டுப்பாதை’யை வாசிக்கப்போகிறது, இந்த முறை அதை இயற்றியவரே முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றார் பாத்திஸ்தா. முடியாது என்றார் எலிசேவ். எண்பது வயதில் ஊர் தருகிற மரியாதை இது என்றார் பாத்திஸ்தா. ஊரே வைத்துக்கொள்ளட்டும் என்றார் இவர்.

“என்ன மாஸ்ட்ரோ, இந்த ஊர்ல தொட்டில் குழந்தைகூட அந்தப் பாட்டுக்குத்தான் காலை ஆட்டுது. நீங்க மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?”

“நீங்க வாசிக்கிறது நான் எழுதினது இல்லப்பா. நான் எழுதினத பியானோவுல வாசிக்கிறேன். வந்து கேளுங்க. ஆனா நடுவுல யாரும் தட்டக் கூடாது.”

“அப்ப கையை என்ன, வீட்ல வச்சிட்டு வரச் சொல்றீங்களா?”

“வச்சிட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு எலிசேவ் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு ஊர்க் கழக மண்டபம் முடிவாயிற்று.

பாரிஸிலும் வியன்னாவிலும் வாசித்தவர். பியானோவுக்கென்று அலமாரி நிறைய எழுதியவர். பெனிசோருக்கு அதில் ஒன்றுதான் தெரியும், அதுவும் வேறு உருவத்தில். அவர் அப்பா ஆற்றோர நெசவாலையில் பஞ்சடித்தவர். மாலையில் மேடேறி வரும்போது, வளைவுக்கு வளைவு சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பார். சிறுவயதில் கூடவே எலிசேவும் நிற்பார். அந்த நிற்றல்கள்தான் ‘மேட்டுப்பாதை’யின் மௌனங்கள். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அன்றைய குழுத் தலைவர் அதை எடுத்து, வேகம் கூட்டி, மௌனம் வந்த இடமெல்லாம் ஜால்ராவால் அடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் அதற்குத் தோளோடு தோள் உரசி, வாயில் சுருட்டோடு அணிவகுத்து நடக்கிறது.

எலிசேவ் இன்றும் வளைவுக்கு வளைவு நிற்பார், மூச்சு வாங்காவிட்டாலும். பின்னால் வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. “என்ன பெரியவரே, வண்டி நின்னுடுச்சா?”

“நிக்கல. நிறுத்தியிருக்கேன்.”

காய்ந்த மிளகாயும் உப்புமீனும் சேர்த்து எண்ணெயில் ஊறவைத்த ரொட்டியை நின்றுகொண்டே தின்பார், வலதுகையால் மட்டும். இடதுகை வேலைக்கு. அதன் நான்காம் விரலுக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர். “எழுந்திரு சோம்பேறி, ஞாயித்துக்கிழமை உனக்குத்தான் வேலை” என்று அதைத் தட்டி எழுப்புவார். விரல்கள் இன்னும் எத்தனை காலம் வளைந்துகொடுக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பக்கம் திருப்பக் கையை எடுத்தால் மறுபடி இடம் பிடிப்பது சிரமமாகிவிட்டதால்தான் ஐதானா வந்தாள். அதே வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே அவருக்கு அவளைப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் விசிறிகளால் படபடத்தது. முதல் அடி முடிந்து முதல் மௌனம் வந்தது. மண்டபமே ஒரே கையாகத் தட்டி அதை நிரப்பியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கைகள் தாமாகவே தட்டின. எலிசேவ் நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சிரிப்பு எழுந்து அடங்கியது. முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை சில கைகள்தான். மறுபடி மடி.

முன்வரிசையிலிருந்து பாத்திஸ்தா எழுந்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் செருகிக்கொண்டார். வரிசை வரிசையாக மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

மறுபடி தொடங்கினார். மௌனம் வந்தது. ஒரு விசிறிகூட அசையவில்லை. ஆனால் எங்கோ மரத்தரையில் தட்டும் சத்தம், சின்னதாக, தாளம் பிசகாமல். இசை நின்றது. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஐதானாவும் பார்த்தாள்.

எலிசேவ் மட்டும் தேடவில்லை. பக்கம் திருப்பச் சொல்பவர்போல அவள் பக்கமாகச் சாய்ந்தார்.

“அந்த ஷூவ மட்டும் கழட்டிடும்மா. இங்கதான் அப்பா நிப்பாரு.”

ஐதானா குனிந்து வார்களை அவிழ்த்தாள். அவள் வெறுங்கால் தரையில் படும்வரை அவர் கைகள் மடியிலேயே இருந்தன.