அவனுடைய சிநேகிதர்கள்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், லூயிஷாம் பகுதியில் அக்கா வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் பெற்றோல் ஷெட் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஒரு சங்கத்துக்குப் போவேன். ஆணை விரும்பும் கறுப்பு ஆண்களின் சங்கம். கவுன்சில் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறை, ஆலோசனை கேட்பவர்களுக்காக ஒரு டெலிபோன், கால் ஆடும் சில பழைய நாற்காலிகள்.

முதல்நாள் வாசலிலேயே தயங்கினேன். "நான் கறுப்பனில்லை, தமிழன்."

"தெருவில் உன்னை அடிக்க வருகிற வெள்ளையன் அதைக் கேட்டுவிட்டா அடிப்பான்? உள்ளே வா" என்று சிரித்தான் ஒருவன். ஜமேக்காக்காரரின் மகன், பஸ் ஓட்டுநர். அவனே என் உயிர்ச் சிநேகிதன் ஆனான்.

சில வருஷங்களில் அவனுக்கு எயிட்ஸ் முற்றிவிட்டது. சங்கத்து ஆட்கள் அவன் வீட்டுக்குப் போய் முறை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் துணி தோய்த்தார், ஒருவர் குளிப்பாட்டினார். நான் சாப்பாடு கொண்டுபோனேன்.

"ஆருக்கடா சோத்தை இப்பிடிக் குழைச்சு எடுக்கிறாய்?" என்று அக்கா கேட்டாள்.

"தெரிஞ்ச ஒருத்தருக்குச் சுகமில்லை, அக்கா. விழுங்க ஏலாது."

அவள் அந்தச் சோற்றில் ஒரு கரண்டி நெய் விட்டாள்.

கடைசியில் பர்மிங்ஹாமிலிருந்து அவனுடைய அம்மா வந்தார். பக்தியான மனுஷி. போதகர் வந்துபோகிற வீட்டுக்கு "அந்த ஆட்கள்" இனி வரக்கூடாது என்றார். என்னை மட்டும் தடுக்கவில்லை. "நீ இவனோடு வேலை செய்கிற இந்தியப் பையன்தானே?" என்றார். கட்டிலிலிருந்து அவனே "ஆமாம், அம்மா" என்றான். அவர் குசினிக்குள் போனதும் மெல்லக் கேட்பான்: "எல்லோரும் எப்படி? வெள்ளிக்கிழமை டெலிபோனை யார் எடுக்கிறார்கள்?"

அவன் இறந்தபோது வீட்டார் புற்றுநோய் என்று சொன்னார்கள். தேவாலயத்துக்குள்ளும் சங்கத்து ஆட்களை விடவில்லை. சூட் அணிந்து, மலர்வளையத்தோடு தெருவின் எதிர்ப்புறம் நின்றார்கள். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பிள்ளைக்குச் சிநேகிதர்களே இல்லை. நீ ஒருவனாவது வந்தாயே."

"அங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் அவனுடைய சிநேகிதர்கள்தான், அம்மா" என்றேன். "அவனைக் குளிப்பாட்டினது அவர்கள். நானும் அவர்களில் ஒருவன்."

அவர் எதிர்ப்புறம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

நான் தெருவைக் கடந்து அவர்களோடு போய் நின்றேன். சவ வண்டி எங்களைக் கடந்து போயிற்று. எந்த மயானம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவனை எங்கே புதைத்தார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.