கனகாம்பாளின் கழுத்து

மட்டாஞ்சேரியில் பாலஸ் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எழுபதுகளில் பட்டர் வீடுகள், அதாவது மலையாளிகள் பட்டர் என்று சொல்லும் தமிழ்ப் பிராமணர்களின் வீடுகள், பதினொன்று இருந்தன. அந்தப் பதினொரு வீட்டில் எந்தப் பெண் தினப்படிக்கு ஒரு கவரிங் சங்கிலி வாங்கினாலும், அது முதலில் ஏறுவது கனகாம்பாளின் கழுத்தில்தான். மரியாதைக்காக இல்லை, பரீட்சைக்காக.

அவள் உடம்பு வாகு அப்படி. மற்றவர்கள் கழுத்தில் ஆறு மாதம் பளபளக்கும் சங்கிலி அவள் கழுத்தில் ஆறாம் நாளே கறுத்துவிடும். ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் பாதி வேலையைச் செய்தது, மீதியை அவள் வியர்வை பார்த்துக்கொண்டது. சொந்த நகைகள் இரண்டு பெண்களோடு புகுந்த வீடு போன பிறகு, திருமாங்கல்யம் தவிர வெறுங்கழுத்தாக இருக்க வேண்டாமே என்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய மூன்று கவரிங் சங்கிலிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. "நோக்கு இரும்புல ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன். கறுத்தாலும் தெரியாது" என்றார் கணவர் ராமபத்ரன். அவர் பேச்சு எப்போதுமே அந்த லட்சணம்தான்.

அடுத்த வீட்டு அனந்தலக்ஷ்மிக்குத்தான் அந்த யோசனை முதலில் வந்தது. "மாமி கழுத்துல பத்து நாள் தாங்கித்துன்னா நம்ம கழுத்துல பத்து வருஷம் தாங்கும்" என்று அவள் புதுச் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது தாங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா, சந்தே வரிசையில் வந்தது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாராவாரம் கவரிங் விற்க வரும் முகமது இஸ்மாயிலும் வேறு வழியில்லாமல், பத்து நாள் கழித்துப் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். "எல்லா ஊர்லயும் வியாபாரம் பண்றேன் மாமி. உங்க கழுத்தக் கண்டாத்தான் எனக்கு வயித்தக் கலக்குது" என்பார்.

நாளாக நாளாகக் கனகாம்பாளின் கண்ணும் தேறிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் மினுங்குகிற பக்கத்தை அவள் பார்க்க மாட்டாள், திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கொக்கியும் வளையமும் பற்றவைத்த இடத்தில் சிவப்பு தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஈரக் கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பாள், செம்பு வாடை அடித்தால் அதுவும் வேண்டாம். தட்டைச் சங்கிலி பின்கழுத்து மயிரைப் பிடித்து இழுக்கும். கல் வைத்தது பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எதற்கு? தோடு என்றால் திருகு மூன்று சுற்றாவது இறுகி ஏற வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகுதான் கழுத்துப் பரீட்சை.

அவளுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பாட்டு வராது, கோலம் சுமார், சமையலில் அனந்தலக்ஷ்மி கெட்டிக்காரி. ஊரார் தேடி வந்து வாசலில் நிற்பது இந்த ஒன்றுக்குத்தான். தன் வாயிலிருந்து வரும் "வாங்கிக்கோ"வுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை நினைத்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்ட நாளெல்லாம் உண்டு.

எண்பதாம் வருஷம் கடைசி வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள் ஸ்வர்ணலதா. புருஷன் கல்யாணராமன் ஜூ டவுனில் ஒரு மிளகு மண்டியில் குமாஸ்தா. வந்த மூன்றாம் மாதம் அவள் கழுத்தில் ஒரு கொடிச் சங்கிலி ஏறியது. தினமும் போட்டுக்கொள்ள அவர் வாங்கித் தந்த தங்கம் என்று முகம் மலரச் சொன்னாள். தங்கத்தை யாராவது பரீட்சைக்குக் கொண்டுவருவார்களா? அவளும் கொண்டுவரவில்லை.

அந்தச் சித்திரையில் பாலக்காட்டில் கனகாம்பாளின் மருமான் கல்யாணம். வெறுங்கழுத்தோடு போகிறாளே என்று ஸ்வர்ணலதா தன் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்தாள். கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுப்பது அந்தச் சந்தில் புதிதில்லை. "போட்டுண்டு போங்கோ மாமி. தங்கம்தானே, உங்க கழுத்து என்ன பண்ணிடும்?" என்றாள். கனகாம்பாளும் நிமிர்ந்து நடந்து போய் ஐந்து நாள் ஜம்மென்று இருந்துவிட்டு வந்தாள்.

ஆறாம் நாள் காலை, குளித்துவிட்டுக் கழற்றியவளுக்குத் திக்கென்றது. சங்கிலி கொக்கியிலிருந்து பாதி தூரம் கறுத்திருந்தது. பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். கறுப்பு அசையவில்லை. இந்தக் கறுப்பு அவளுக்குத் தெரியாததா?

சாயங்காலம் போட் ஜெட்டி போகிற வழியில் கல்யாணராமனைத் தடுத்து நிறுத்தி, சங்கிலியைச் சுற்றி வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கவரிங்னு சொல்லித்தான் குடுக்கணும்னு இருந்தேன் மாமி. தங்கமான்னு அவ கேட்டா. அவ்வளவு சந்தோஷமாக் கேட்டா. ஆமான்னுட்டேன்."

"கவரிங்னு சொன்னா என்னடா கேவலம்? இந்தச் சந்துல பாதிப் பேர் கழுத்துல அதுதான் கெடக்கு. பொய்தான் கேவலம்."

"தீபாவளிக்குள்ள தங்கத்துல மாத்திடறேன். அவகிட்ட பறயாதீங்கோ மாமி" என்று அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவன் துடைத்துக்கொண்டது அவளை என்னவோ செய்தது.

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கையில் ஸ்வர்ணலதா வந்து சங்கிலியைக் கேட்டாள். கனகாம்பாள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பிரித்ததும் அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்து, "இதென்ன, முக்குப்பண்டமா?" என்றாள். கவரிங்குக்கு மலையாளத்துப் பேர் அது, கேட்கவே சுருக்கென்று இருக்கும். ஸ்வர்ணலதாவின் முகம் வெளுத்தது. எல்லோரும் கனகாம்பாளின் வாயைத்தான் பார்த்தார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"தங்கம்தான்" என்றாள் கனகாம்பாள். "என் உடம்புதான் கேடுகெட்டுப் போச்சு. வயசாச்சோல்லியோ, இப்போ தங்கத்தையும் கறுக்க அடிக்கறது. கல்யாணராமன்கிட்ட குடுத்து மெருகு போடச் சொல்லு."

அன்றோடு முடிந்தது. தங்கத்தையே கறுக்க அடிக்கிற கழுத்தை வைத்துக்கொண்டு எதைப் பரீட்சை பண்ணுவது? இத்தனை நாள் நல்ல சங்கிலி எத்தனையை இந்த மாமி வீணாகத் திருப்பி அனுப்பினாளோ என்று அனந்தலக்ஷ்மியே சொல்ல ஆரம்பித்தாள். இஸ்மாயிலுக்குப் பத்து நாள் காத்திருக்கும் வேலை மிச்சம். பற்றவைத்த இடத்தில் சிவப்பு தெரியும் சங்கிலிகளைச் சந்துப் பெண்கள் பேரம் பேசி வாங்குவதைக் கனகாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க முடியவில்லை. வலித்தது. ஒரு நாள் ராமபத்ரன் கேலி பண்ணப்போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மெருகுக்குப் போன சங்கிலி ஆறு மாதம் திரும்பவில்லை. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்வர்ணலதா வந்தாள். கழுத்தில் சங்கிலி மின்னியது. உள்ளே வந்து உட்கார்ந்து, அதைக் கழற்றிக் கனகாம்பாளிடம் நீட்டினாள்.

"மெருகு போட்டு வந்துடுத்துன்னு அவர் சொல்றார் மாமி. நீங்க பத்து நாள் போட்டுப் பாத்துச் சொல்லுங்கோ."

"என் கழுத்துதான் எதுக்கும் லாயக்கில்லேன்னு ஊரே சொல்றதே. தங்கத்தையே கறுக்க அடிக்கறது."

ஸ்வர்ணலதா கனகாம்பாளின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு, "முப்பது வருஷமா உங்க கழுத்துல கெடக்கற திருமாங்கல்யம் கறுக்கலையே மாமி" என்றாள். "அன்னிக்குக் குழாயடியிலேயே பாத்தேன். எனக்காகச் சொன்னேள். அவர்கிட்ட நான் ஒண்ணும் கேக்கலை. இப்பவும் கேக்க மாட்டேன். ஆனா நேக்குத் தெரியணும். உங்க கழுத்தை விட்டா நான் யாரை நம்பறது?"

கனகாம்பாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சங்கிலியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், ஈரக் கையில் தேய்த்து முகர்ந்தாள். பிறகு அதை அவளிடமே கொடுத்துத் தலையைக் குனிந்தாள். ஸ்வர்ணலதா பின்னால் வந்து கொக்கியை மாட்டிவிட்டாள்.