தாய்மாமன் வந்த கார்

ஆண்டு சற்றுத் தடுமாறுகிறது. அழைப்பிதழை எங்கள் வீட்டில் யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஆனால் ஆவணி மாதத்து ஞாயிறு என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பகலில் எமகண்டம் தொடங்கிவிடும் என்று வழி நெடுக அம்மா புலம்பியது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பொருந்தும். நான் அப்போது நான்காம் வகுப்பு.

மாமல்லபுரத்துக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் என் தங்கைக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். முன்பு என் காதுகுத்துக்கு மாமா நேரத்துக்கு வந்து சேரவில்லை. சித்தப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அப்பாவும் கூப்பிடவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று அம்மா, தங்கையை அப்பாவிடம் விட்டுவிட்டு, முதல் நாளே என்னையும் இழுத்துக்கொண்டு மதுராந்தகம் போய், தம்பியைக் கையோடு கிளப்பினாள்.

ஞாயிறு காலை மாமா சீர்த்தட்டுகளைப் பின்சீட்டில் என் மடிவரை அடுக்கினார். பிறகு காரின் முகப்பு முழுவதும் மறையும்படி ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டினார். அதில் கூலிங்கிளாஸ் போட்ட மாமா கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே, ‘தாய்மாமன் வருகிறார்’.

படாளம் வருவதற்குள் சூடு காட்டும் முள் மேலேறிவிட்டது.

“யக்கா, இஞ்சின் காயுது,” என்று மாமா ஏசியை அணைத்தார். இஞ்சினில் இருக்கும் சூட்டை இழுத்துவிடும் என்று சொல்லி ஹீட்டரைத் திருகினார். அந்த வெயிலில் ஹீட்டர்! சாக்லேட் தட்டு இளகி என் பாவாடையில் ஒட்டியது.

“இன்னாடா இது? காது குத்தப் போறமா, வேகப் போறமா?” என்றாள் அம்மா.

ஓரம் கட்டினோம். மாமா ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் ஆறவிட்டார். தண்ணீர் டப்பாவில் அளவு சரியாக இருந்தது. அடியில் ஒழுக்கு இல்லை. விசிறி நன்றாகவே சுற்றியது. நின்றால் முள் இறங்கியது, ஓடினால் ஏறியது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் மறுபடி நிறுத்த வேண்டியதாயிற்று.

அம்மாவின் போனில் சித்தப்பா குரல் உரக்கக் கேட்டது. “இன்னா அண்ணி, இந்த வாட்டியும் என் மடிதானா?”

மாமா காதில் விழாதது போல ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

அம்மா இறங்கி, உறுமிக்கொண்டிருந்த காரின் முன்னால் போய் நின்றாள். நானும் நின்றேன். விசிறி இழுத்த இழுப்பில் பேனர் முகப்புக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு, படத்தில் மாமாவின் கன்னங்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன. அவர் இஞ்சினை அணைத்ததும் கன்னம் உப்பிக்கொண்டது.

“அம்மா, மாமா மூஞ்சிதான் காத்த அடைச்சிகினு...”

முடிக்கவில்லை. தோளில் சுரீரென்று ஒரு கிள்ளு.

“டேய், வெயில்ல உன் மூஞ்சி கறுத்துடும்டா. அவுத்து உள்ள வை. கோயிலாண்ட கட்டிக்கலாம்.”

“ஃப்ளெக்ஸ் எங்கனா கறுக்குமா யக்கா? வெளுக்கும்.”

“கறுக்குதோ வெளுக்குதோ, அவுருடா!”

முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் மாமா கயிற்றை அறுத்தார். பேனரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, டப்பாவில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் தாண்டியும் முள் பாதிக்கு மேல் நகரவில்லை.

“தண்ணி ஊத்துனேன் பாத்தியா? ஒரு சொட்டு கொறஞ்சாலும் மக்கர் பண்ணும் இந்த வண்டி.”

“உன் கைராசிடா,” என்றாள் அம்மா. நான் தோளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் சித்தப்பா மடியில் துண்டு விரித்து, ஆசாரி முன் உட்கார்ந்துவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“என் தம்பியே ரிப்பேர் பண்ணி ஓட்டியாந்தான்,” என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“அப்டி இன்னா ரிப்பேரு?” என்று சித்தப்பா காரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

அதற்குள் அப்பா முன்பக்கம் போயிருந்தார். முகப்புக் கம்பியில் அறுந்த கயிறு தொங்கியது. கண்ணாடி வழியே உள்ளே சுருட்டிக் கிடந்த பேனரைப் பார்த்தார். திரும்பக் கயிற்றைப் பார்த்தார். அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “வா மச்சான். கொழந்த அழுவுது, மடி குடு,” என்றார்.

மாமா உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் தங்கை வீறிட்டாள். அவளைவிட மாமா அதிகம் அழுதார். குத்து வாங்கியது அவள், இவர் எதற்கு அழுகிறார் என்று நினைத்தபடி நான் அப்பாவிடம் போனேன். பேனரைக் கட்டக் கயிறு கேட்டேன்.

“கயிறா? எந்தக் கயிறு?” என்றார்.

அதன் நுனி அவர் பைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் ஏன் இப்படிப் புளுகுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.