இடப்பக்கத்துக்குக் கூடுதல் துணி

முதலில் காட்டிக்கொடுத்தது சேலைச் சட்டைதான். கதிர்ச் சிகிச்சை முடிந்து கரவெட்டிக்குத் திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தையல் படிப்பிக்கும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் சரியாக இருந்த சட்டை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தது. கொக்கி பூட்ட மூச்சை அடக்கவேண்டியிருந்தது. நானே அளவெடுத்து, நானே வெட்டித் தைத்த சட்டை அது. என் தையலில் பிழை இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்படியென்றால் பிழை உடம்பில்தான்.

பாணுக்கு (கடை ரொட்டிக்கு) விடியவே கியூவில் நின்ற எழுபதுகள் அவை. இடது மார்பில் இருந்த கட்டியை யாழ்ப்பாணத்தில் வெட்டியெடுத்தார்கள். மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. எங்காவது மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்று, கதிர்ச் சிகிச்சைக்குக் (கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சி நோயணுக்களை அழித்தல்) கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள். எங்கள் ஊரில் இதைக் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். அங்கே ஒரு சிங்களத் தாதி என் மார்பில் ஊதா மையால் கோடு கீறினாள். துணியில் சோக்கால் கோடு கீறினால் அடுத்தது கத்தரிக்கோல்தான் என்று பழகியவள் நான். அந்தக் கோட்டைப் பார்த்து நடுங்கிப்போனேன். ஆனால் கதிர் நோகவேயில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டொக்டர் விளங்கப்படுத்தினார். தோல் கறுக்கும், தடிக்கும், மார்பு இறுகும், அதற்கெல்லாம் பயப்படக்கூடாது. ஆனால் தோல் தோடம்பழத் (ஆரஞ்சு) தோல்போலக் குழிகுழியாக வந்தால் உடனே காட்டவேண்டும், நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். முன்பாதி எனக்கு மறந்துபோயிற்று. தோடம்பழம் மட்டும் மனதில் நின்றது.

சட்டை இறுகிய அன்று அறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மார்பின் கீழ்ப்பாதியில் அந்தக் குழிகள் இருந்தன. சேலையைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்குப் பொத்தான் கண் தைக்கக் காட்டிக்கொடுத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. பெண்கள் எல்லோரும் மார்புக்கு மேலே குறுக்குக் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிப்போம். ஈரத் துணி உடம்போடு ஒட்டும்போது என் இடப்பக்கம் பருத்துத் தெரிந்துவிடும். சிகிச்சை முடிந்து வந்த புதிதில், எங்கள் மிஷன் கோயிலுக்கு வரும் ஒருத்தி, நோய் தொத்தும் என்று தன் பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போயிருந்தாள். இனி மச்சாளும் கிணற்றில் வாளி போடாதே என்று சொன்னால் எங்கே போவேன்? பழைய வேட்டியில் ஒரு பட்டி கிழித்தேன். அதைக் கக்கத்தோடு சேர்த்து மார்பைச் சுற்றி இறுக்கி முடிந்து, அதன்மேல் குறுக்குக் கட்டினேன்.

வீக்கம் குறையவில்லை, கூடியது. பின்னேரத்தில் மார்பு ஈரச் சாக்குப்போலக் கனத்தது. மேலே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே குழிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. நோய் எல்லை போட்டுக்கொண்டு பரவுகிறது என்று நினைத்தேன். பட்டியை இன்னும் இறுக்கினேன். பள்ளிக்கூடத்துக்கும் அதோடேயே போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

கடைசியில் கணவர் கண்டுபிடித்தார். “நீர் ஏன் ஒரு பக்கம் சாய்ஞ்சு நடக்கிறீர்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை. காட்டினேன்.

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம்” என்றார்.

“நான் வரேல்லை.”

“ஏனப்பா?”

“போனால் சொல்லிப்போடுவினம்.”

சொல்லாதவரை அது இல்லை என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. அந்தக் கணக்கு உங்களில் பலருக்கும் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் என்னைப் பரிசோதித்தவர், முன்பு கட்டியை எடுத்த அதே சத்திரசிகிச்சை டொக்டர். விரலால் மார்பை அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. பிறகு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“உது என்ன ரீச்சர், தழும்பே?”

“குளிக்கேக்கை கட்டுறது, டொக்டர்.”

“குறுக்குக்கட்டு உப்பிடி வெட்டாது.”

பட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கதிர் பட்டால் நிணநீர் ஓடுற வழியள் கொஞ்சம் அடைபட்டுப்போகும். மிச்ச வழி கக்கத்துப் பக்கத்தாலை. நீங்கள் அதையும் இறுக்கிக் கட்டிப்போட்டு, வீங்குது எண்டு அழுறியள்.”

நிணநீர் (உடலெங்கும் மெல்லிய குழாய்களில் ஓடும் தெளிந்த நீர்) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். வாய்க்காலுக்குக் குறுக்கே அணை கட்டியது நானேதான். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் விரல் இன்னும் ஓரிடத்திலேயே நின்றது.

“இஞ்சை ஒரு கட்டி இருக்கு. ஒரு துண்டு எடுத்துப் பாக்கவேணும்.”

எடுத்தார்கள். கதிர் பட்ட தோல் லேசில் ஆறாது. முடிவு வரும்வரை அந்தப் புண் கசிந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் நான் சாகப் பயந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். சோறு இறங்கவில்லை. கணவர் ஒருநாள் எனக்குச் சட்டைத் துணி வாங்கிவந்தார். இதைத் தைத்து யார் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பிரிக்காமல் அலுமாரியில் வைத்தேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் எங்களை இருக்கக்கூட விடவில்லை. நின்றபடியே சொன்னார்.

“புற்று இல்லை, ரீச்சர். கதிர் பட்ட கொழுப்புச் செத்து இறுகியிருக்கு, அவ்வளவுதான்.”

“இனி வராதோ?”

“அதை நான் சொல்லமாட்டன். தவறாமல் வந்து காட்டுங்கோ.”

அவர் பொய் சொல்லாதது அப்போது கசந்தது. தோடம்பழத் தோல் சிலருக்கு நோயாகவேதான் இருக்கும். எனக்கு இல்லையென்றதால் உங்களுக்கும் இல்லை என்று நான் சொல்லமுடியாது. காட்டுங்கள் என்றுமட்டும் சொல்வேன்.

பட்டியை அடுப்பில் போட்டேன். மறுநாள் தளரக் குறுக்குக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மச்சாள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் மறைக்கவில்லை.

“உதை மறைக்கவோ இவ்வளவு நாளும் மற்றப்பக்கம் திரும்பி நிண்டு குளிச்சனீர்? என்னோடை கோவமெண்டெல்லோ நினைச்சன்.”

“தொத்துமெண்டு நினைப்பியளோ எண்டு…”

“விசர்க்கதை கதையாதையும். உந்தப் பக்கத்துக் கையாலை வாளி இழுக்கவும் வேண்டாம். இஞ்சை தாரும்.”

அவர் அள்ளி என் தலையில் ஊற்றினார். அழுதேன். தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

வீக்கம் மெல்ல வற்றியது. முழுவதும் வற்றவில்லை. தோல் கறுத்தபடியே இருக்கிறது. சில மாதம் மார்பு சுருங்குகிறது, சில மாதம் கனக்கிறது. டொக்டரிடம் போகும் நாள் நெருங்கினால் இப்போதும் எனக்கு நித்திரை இல்லை. காலத்தை இப்போது பள்ளிக்கூடத் தவணையால் அளப்பதில்லை. ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் அடுத்தமுறை வரைக்கும்தான் எனக்கு நாட்காட்டி.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லிக் கொடுப்பேன். பெரியவர்களுக்கு அது தேவையில்லை, அவர்களுடைய அளவு மாறாது என்று முன்பு சொல்வேன். அந்தப் பாடத்தை இப்போது நான் நடத்துவதில்லை.

போன கிழமை அலுமாரியிலிருந்த துணியைப் பிரித்தேன். இடப்பக்கம் உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டு, கெட்டித் தையல் போடாமல், இலகுவில் பிரிக்கக்கூடிய தையலாகப் போட்டேன். பெருத்தாலும் சிறுத்தாலும் பிரித்துத் தைக்கலாம். பிரித்துத் தைக்க நான் இருக்கவேண்டும்.

சட்டை இன்றைக்கு அளவாக இருக்கிறது.